மாடிப்படியில் விழுந்த பையன்

போன வாரம் ஒரு அஃபிடவிட் விஷயமாக செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மல்லிகா! பதினாறு வருஷத்துக்கு முன் லைன் வீட்டில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

மகன் குமாருக்காக வந்திருந்தாள் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). மறைமலைநகரில் ஒரு பாக்டரியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் அத்துமீறியிருக்கிறான். இப்போது ஜெயிலில்.

சின்ன வயதில் தலையில் அடிபட்டதற்கு ஆதாரம் இருந்தால் மனநல டாக்டரிடம் காட்டச் சொல்லி கோர்ட்டில் கேட்கலாம் என்றாராம் வக்கீல். மல்லிகா பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். ‘மாடிப்படியில் விழுந்தது’ என்று எழுதியிருந்தது.

"யக்கா, நீதானே இட்டுகினு போன? இன்னா நடந்துச்சுன்னு ஜட்ஜாண்ட சொல்லுக்கா."

என்ன நடந்தது? எட்டு வயசுப் பையனின் தலையை அப்பன் குடித்துவிட்டு வாசல் நிலையில் மோதினான். உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆட்டோவிலேயே பேசி முடிவு செய்தோம். டாக்டரிடம் பொய் சொன்னது நான்தான். எனக்குத்தான் பேச வருமே!

நாலு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பையன் ஆளே மாறிப்போனான்... தொட்டதற்கெல்லாம் ஆத்திரம், கிளாஸில் உட்கார முடியாது. அடியும் நிற்கவில்லை. அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று எங்கள் லைனே தீர்ப்பு எழுதியது. நானும்தான்.

இந்த வாரம் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். தலைக்காயமும் அடி உதையும் சேர்ந்தால் சிலருக்கு மனசின் பிரேக் பிடிக்காமல் போகலாம். ஆனால் அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்றார்.

குமார் அத்துமீறிய அந்தப் பெண்ணும் அன்று கோர்ட்டுக்கு வந்திருந்தாள். கம்பெனி பஸ் ஏறவே பயந்து வேலையை விட்டுவிட்டாளாம். புருஷன் குடித்துவிட்டு அடித்ததையெல்லாம் சொல்லி மல்லிகா என்னிடம் கெஞ்சியது அவள் காதில் விழுந்திருக்கிறது. போகும்போது என் எதிரே நின்றாள்.

"எங்க நைனாவும் குடிச்சிட்டு வந்து அடிக்கும்தான்க்கா. நான் யாரு மேல கைய வச்சேன்?"

அவன் செய்தது தப்பு. தண்டனை வேண்டும். வைத்தியமும் வேண்டும். அந்த வைத்தியம் எட்டு வயதில் கிடைத்திருந்தால் இவள் இன்றும் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாளோ... தெரியவில்லை. தெரியாததுதான் குடைகிறது.

சாட்சி சொல்கிறேன் என்று மல்லிகாவிடம் ஒப்புக்கொண்டேன். பதினாறு வருஷம் லேட்.

எங்கள் லைன் வீடுகளில் மாடியே கிடையாது.