அம்மாவுக்குக் கேட்ட ஆபீஸ்

மராத்தி பேசும் ஆகுர்டியில் எங்கள் ஆபீஸ் முன்பு தொழிற்சாலைக் கொட்டகையாக இருந்தது. மெஷின்களை எடுத்துவிட்டு எங்களைப் போட்டார்கள். சத்தம் மட்டும் காலி செய்யவில்லை. தகரக் கூரை, கண்ணாடிச் சுவர், வெறும் சிமெண்ட் தரை. ஒருவர் தும்மினால் மூன்று பேர் தும்மியதாகக் கேட்கும். எல்லாரும் கத்தினோம், அதற்கு மேல் கேட்க வேண்டுமே என்று இன்னும் கத்தினோம்.

இதில் நிம்மதி கண்ட ஒரே ஜீவன் திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மா. அப்பாவை ஒரு நாள் மில் வாசலோடு திருப்பி அனுப்பியதைப் பார்த்தவள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களை வேலையை விட்டு அனுப்புவதாக டிவியில் சொன்னதிலிருந்து என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரே பயம். காது வேறு பாதிதான். வாங்கிக் கொடுத்த காது மெஷின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மதியம் போன் செய்தால் நான் சொல்வது அவள் காதில் ஏறாது, பின்னால் இருக்கும் இரைச்சல் ஏறும். "ம், ஆபீஸ்லதான் இருக்க," என்று வைத்துவிடுவாள்.

அப்புறம் ஒலி நிபுணர் வந்தார். ஹால் நடுவில் நின்று கை தட்டினார், காதைச் சாய்த்தார், மறுபடி தட்டினார். பஜனைக்கு வழி தவறி வந்தவர் என்றே நினைத்தோம். அவர் போனபின் கூரையெல்லாம் சாம்பல் நிற ஃபெல்ட், தரையெல்லாம் கார்ப்பெட். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. மூலையில் ஒருவர் மொறுமொறு பாக்கர்வடி கடித்தால் எதிர் மூலையில் இருப்பவருக்குப் பசித்தது. ரகசியம் பேசியவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். போன் பேசுவதற்கென்று ஒரு கண்ணாடி அறையும் வைத்தார்கள். அதற்குள் போய் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏல, சத்தத்தையே காணோம்? அனுப்பிட்டானுவளா?"

"இல்லம்மா. கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கேன்."

"ஐசியுலயா?"

எவ்வளவு கத்தியும் நம்பவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் செய்து திட்டினார்.

மறுநாள் வெளியே டபரிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். டபரி என்றால் இந்த ஊர்ச் சாலையோர டீக்கடை. வடை பொரிகிற எண்ணெய், ஷேர் ஆட்டோக்காரர்களின் மராத்திச் சண்டை, கம்பி ஏற்றிய லாரி. அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இப்பதாம்ல ஆபீஸ் மாதிரி இருக்கு. எத்தன பேரு வேல பாக்காவ!"

அதிலிருந்து தினமும் டபரியே என் ஆபீஸ்.

உள்ளே ஃபெல்ட்டும் கார்ப்பெட்டும் அரைகுறையாக விட்டதை ஹெச்.ஆர். முடித்து வைத்தது. முதலில் ஜன்னலோர வரிசை காலியானது, பிறகு நடு வரிசை. பாக்கர்வடிக்காரரும் போனார். கடைசியில் என்னையும் ஒரு அறைக்குள் கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார்கள். அந்த அறைக்கும் நல்ல ஃபெல்ட். வெளியே யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

மறுநாள் மதியம் தாபோடியில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து அதே டபரிக்குப் போனேன். வீட்டுத் தெருவிலும் டீக்கடை உண்டு. ஆனால் அங்கே அம்மாவுக்குப் பழகிய லாரி கிடையாது.

"நல்ல கம்பெனி, விட்டுராதல," என்றாள் அம்மா.

"சரிம்மா," என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான்.