வெள்ளைக்காரனுக்கு எத்தனை காது?

இந்த மழைக்காலத்தில் ஒரு மனிதரைக் கிட்டத்தட்ட ஊமையாக்கிவிட்டேன். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான்!

மழை தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் ஊர்க்காரர்களுக்கு நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஃபீஸ் கிடையாது. அதனால் யாரும் திட்ட முடியாது.

ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும் உப்பளத் தொழிலாளர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள். ஏழுமலைக்கு மஸ்கட்டில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் வேலை வரும்போல் இருந்தது. கிடைத்தால் மகளை நர்ஸிங் சேர்த்துவிடலாம். ஆனால், வீடியோ காலில் இன்டர்வியூ... ஆங்கிலத்தில்!

விடுவேனா? குழப்பும் வார்த்தைகளுக்கென்றே ஒரு சார்ட் எழுதி என் வீட்டுச் சுவரில் மாட்டினேன். ஸீ, லுக், வாட்ச். ஆஸ்க், ஹியர், லிஸன்...

"சார், நமக்கு இந்தக் கடைசி மூணுக்கும் 'கேளு' ஒண்ணுதான். வெள்ளக்காரனுக்கு எத்தினி காது சார்?" என்றார் ஏழுமலை.

"யோவ், சார் சொல்றத கேளுய்யா!" என்றார் அஞ்சலை.

"இப்ப நீ சொன்னது எந்தக் கேளு? ஹியரா, லிஸனா?"

"லிஸன். பண்ணாதான் சோறு."

தினமும் அஞ்சலைதான் அவரை ஒப்பிக்க வைத்தார். புருஷனை இரண்டு வருடம் பிரிந்திருக்க, இத்தனை பாடு!

இன்டர்வியூ என் வீட்டில், என் போனில். இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

ஏழுமலை வாயைத் திறந்தார்... மூடினார். கண் என் சார்ட்டில் ஓடியது. போட்டோ எடுக்க வரும் டூரிஸ்ட்டுகளிடம் தப்பும் தவறுமாகக் கடகடவென்று பேசிய மனிதர்! ஒரு வார்த்தை வரவில்லை.

அஞ்சலை சார்ட்டைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினார். போனுக்குப் பின்னால் நின்று கையை உயரத் தூக்கி விரித்தார். உப்பளத்தில் அடிக்கும் காற்றில் குரல் எட்டாது. பாத்தியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கையால்தான் பேச்சு. அந்தச் சைகைக்கு அர்த்தம் — மடையைத் திற.

திறந்தது!

"மீ சால்ட் ஒர்க் சார். ட்வென்ட்டி இயர். டூ மச் சன், நோ லீவ். ஐ லுக் வாட்டர், ஐ வாட்ச் சால்ட்..."

எது லுக், எது வாட்ச் என்று போனில் இருந்தவரும் கவலைப்படவில்லை. வேலை கிடைத்தது.

வார்த்தை தப்பாக வந்தால் திருத்தலாம். பயந்துபோய் உள்ளேயே உட்கார்ந்துகொண்டால் எதைத் திருத்துவது? இவ்வளவு வருடம் வகுப்பெடுத்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

விசா வந்து, போன ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை கிளம்பினார். மறுநாள் வகுப்புக்கு அஞ்சலை தனியாக வந்தார்.

"சார், சீக்கிரத்துக்கு இங்கிலீஷ்ல மூணு இருக்குதாமே? சூன், எர்லி, ஃபாஸ்ட்னு. லீவு கேக்கறப்ப அவரு எதைச் சொன்னா உடனே அனுப்புவாங்க?"

வித்தியாசத்தை விளக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மூணையும் சேர்த்தே சொல்லச் சொல்லும்மா!"