பம்பரத்தின் மீன் குளம்

பம்பரத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பேருந்துக்கு நிற்கும்போதுகூடக் காலை மாற்றி மாற்றி வைப்பாள். தையல் ஆலையில் உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. ஆலையை மூடியதும் அவளும் கணவனும் ஊரோரத்தில் ஒரு மீன் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மீன் வளர்ப்பில் பாதி வேலை காத்திருப்பது. அது மட்டும் அவளுக்கு வரவே வராது.

கை சும்மா இருந்தால் போதும், வாளியிலிருந்து தீவனத்தை அள்ளி வீசிவிடுவாள்.

"இப்பத்தானே போட்ட?" என்பான் கணவன்.

"பாருங்க, எப்படிப் பறந்துக்கிட்டு வருதுங்க! பசியாத்தான் இருக்கும்."

தின்றது போக மிச்சம் அடியில் படிந்து அழுகியது. அந்தச் சத்தை உறிஞ்சிப் பாசி கொழுத்தது. தண்ணீர் பச்சைப்பசேலென்று மாறியதைப் பார்த்து அவள் பூரித்துப்போனாள்.

பிறகு சில நாள் வானம் மூடியே கிடந்தது. ஒரு விடியற்காலை குளம் முழுக்க வாய்களாகத் தெரிந்தது. மீன்கள் மேலே வந்து காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. அவள் கை தானாக வாளிக்குப் போனது. கணவன் வெடுக்கென்று பிடுங்கினான்.

"பசி இல்லடி, மூச்சுத் திணறுது! வெயில் அடிச்சாத்தான் பாசி தண்ணிக்குக் காத்து கொடுக்கும். இருட்டுல அதுவும் சேந்து உறிஞ்சிடும். அடியில அழுகுறது வேற இழுக்குது."

"அப்ப நான் போட்டதெல்லாம்?"

"எங்க போகும்? இங்கயேதான் கிடக்கு."

மோட்டாரைப் போட்டு அடித்தண்ணீரை வெளியேற்றினார்கள். கிணற்று நீரை உயரத்திலிருந்து பீய்ச்சினார்கள். அப்படியும் பாதி மீன் செத்து மிதந்தது. அழுதுகொண்டே அவள் வலையால் வாரினாள். பக்கத்துத் தோட்டக்காரர் வேறு கத்திக்கொண்டு வந்தார்: "உங்க நாத்தத் தண்ணி என் பூசணிப் பாத்தியில நிக்குது!"

அவள் தலை குனிந்து நின்றாள்.

கொஞ்ச நாளில் அவரே வேலியோரம் வந்து தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, அந்தத் தண்ணியோட வந்த சேறு இன்னும் இருக்கா? பூசணிக் கொடி வேலியத் தாண்டி ஓடுது."

குளத்தடிச் சேற்றை வாரிப் போட அவளே இறங்கினாள். அந்த வேலையில் காத்திருக்க எதுவும் இல்லை. தீவன வாளி கணவன் பொறுப்பில் போனது. மிஞ்சிய மீன்கள் பிழைத்துப் பெருத்தன.

ஆனாலும் வானம் இருண்டால் இன்றைக்கும் அவளுக்கு நிலைகொள்ளாது. முகம்கூடக் கழுவாமல் கரைக்கு ஓடி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.