வலது கையில் புண்

மகள் பள்ளிச் சாரணியர் இயக்கத்தில் சேர்ந்து, புது ஸ்கார்ஃபோடு வந்து நின்றாள். அதன் கஞ்சி வாசம் என்னை மரக்காணத்துச் சவுக்குத் தோப்புக்குள் இருந்த அந்த விடுதிக்குக் கொண்டுபோய்விட்டது. பல நாட்டுச் சாரணியர் வந்து தங்கிய இடம். இன்று அங்கே இறால் பண்ணை. கொடிக்கயிறு கம்பத்தில் அடிக்கும் சத்தமும், துவைத்துப் போட்ட ஸ்கார்ஃபுகள் விதவிதமான நிறங்களில் உப்புக்காற்றில் படபடக்கும் சத்தமும் கேட்பதற்காகவே, உப்பளத்து வேலை முடிந்து அம்மா அங்கே சமையலுக்கு உப்பு கொண்டுபோகும்போதெல்லாம் பின்னாலேயே ஓடுவேன்.

ஒருநாள் அம்மாவின் வலது கையில் உப்புப் புண், துணி சுற்றியிருந்தாள். வாசலில் ஒரு வெளிநாட்டுப் பெண் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள். அம்மா நெகிழ்ந்துபோனாள்.

"புண்ணப் பாத்துட்டு இந்தக் கையக் குடுக்குது பாரு, எவ்ளோ நல்ல புள்ள!"

சாரணியர் எல்லோருமே இடது கையைத்தான் குலுக்குவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அம்மா நினைத்ததே எனக்கு அதிகம் பிடித்திருந்தது, திருத்தவில்லை.

இப்போது மகள் விறைப்பாக நின்று, என் அம்மாவிடம் இடது கையை நீட்டினாள். அம்மா பதறிப்போய்த் தன் இடது கையால் அதைப் பற்றிக்கொண்டாள்.

"அந்தக் கையில என்னாடி புண்ணு? காட்டு!"