கெடாததை எடுக்கச் சொன்னவன்

என் மனைவி மாரீஸ்வரியின் இரண்டு சினைப்பைகளையும் எடுக்கச் சொன்னவன் நான். அவள் வேண்டாம் என்றிருந்தாள். அவளே மனம் மாறிவிட்டாள் என்று டாக்டரிடம் பொய் சொன்னேன்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

நான் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துவிட்டால், பந்தியைச் சிரிக்கவைத்துச் சமாளிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெடி செய்து பிழைக்கிறவன், பலூன் உடைந்தால் காதைப் பொத்துவேன். அதையும் நானே நடித்துக் காட்டியிருக்கிறேன். பயந்தாங்கொள்ளி சிரிப்பு மூட்டினால் ஊர் அவனைத் தைரியசாலி என்று நம்பிவிடுகிறது.

மாரிக்கு நாற்பத்து மூன்று வயது. கர்ப்பப்பையில் கட்டி; மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. எடுத்துவிடலாம் என்றார் விருதுநகர் டாக்டரம்மா. சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்று அவளைத்தான் கேட்டார். விட்டுவைத்தால் எலும்புக்கும் இதயத்துக்கும் இன்னும் சில வருடம் துணை. எடுத்தால் பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வருகிற பயம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும், உடம்பு திடீரென்று கொதிப்பது போன்ற தொல்லைகள் உடனே வந்து நிற்கும்.

"எங்க அக்காளுக்கு எல்லாத்தையும் எடுத்து, அவ பட்ட பாட்டை நான் பாத்திருக்கேம்மா. கெட்டதை எடுங்க. கெடாதது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் மாரி.

எனக்கோ புற்றுநோய் என்ற ஒரு சொல்தான் காதில் தங்கியது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பட்டாசுக்கு அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். ஒரு கைப்பிடி மிஞ்சினாலும் ஷெட்டில் வைத்துப் பூட்டக்கூடாது. தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஒரு சீசனில் எவனோ மூடிவைத்துவிட்டுப் போன மிச்சத்தால், மறுநாள் காலையில் அந்த ஷெட் இருந்த இடத்தில் வெறும் தரையைப் பார்த்தேன். அன்று முதல் மிச்சம் என்றாலே எனக்கு நடுக்கம். வீட்டில் மிஞ்சிய குழம்பைக்கூடக் கொட்டிவிட்டு மாரியிடம் திட்டு வாங்குவேன்.

ஆபரேஷன் அன்று டாக்டரம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார். எடுத்த கர்ப்பப்பையைத் தட்டில் வைத்துக் காட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சினைப்பையில சின்னதா நீர்க்கட்டி இருக்கு. பயப்படுற மாதிரி இல்ல. அவங்க சொன்னபடி ரெண்டையும் விட்டுரலாம்னு நெனைக்கிறேன்."

"எடுத்துருங்கம்மா. ரெண்டையும்."

"அவங்க வேணாம்னாங்களே?"

"காலையில மனசு மாறிட்டா. ஒங்ககிட்டச் சொல்லக் கூச்சப்பட்டா."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல... நாக்கு தானாகப் புரண்டது. அவர் என் முகத்தையே பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. தட்டிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மயக்கம் தெளிந்ததும் மாரி கேட்டாள்: "அது இருக்கா?"

"தொறந்து பாத்தா கெட்டுப்போயிருந்துச்சாம். எடுத்துட்டாக."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள். "அங்கன தனியா நின்னு எம்புட்டுப் பயந்தீகளோ..." என்றாள். வயிற்றில் தையலோடு கிடந்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இப்போதெல்லாம் பட்டப்பகலில் பிரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன்னால் நிற்கிறாள். "ஏங்க, ஒங்க கம்பெனிச் சரக்கை உள்ள வச்சுத் தச்சுட்டாகளா? திடீர் திடீர்னு பத்திக்கிருது."

"தீபாவளி ஆர்டர் பாக்கி இருந்துச்சு" என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போன மாதம் குழாயடியில் லேசாக வழுக்கினாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. சினைப்பைகளை எடுத்ததால்தானா? எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். ஒருவேளை நான் சொன்னதுதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறதோ? அதுவும் தெரியாது... நான் பயந்தது அவள் உயிருக்கா, அவள் இல்லாமல் இருக்கப்போகிற எனக்கா? இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். அதை எழுதக் கை வரவில்லை.

நேற்று எலும்புப் பரிசோதனைக்கு இருவரும் போனோம். டாக்டரம்மா பழைய சீட்டைப் புரட்டிக்கொண்டே, "நீங்கதானம்மா கடைசியில..." என்று ஆரம்பித்தார்.

நான் குறுக்கே விழுந்தேன். "அம்மா, எனக்கும் ஏதாச்சும் எடுக்கணுமா பாருங்க. மூளை மட்டும் தேடாதீக, கெடைக்காது." அவர் சிரித்துவிட்டார். பேச்சு மாறிவிட்டது. மாரி சிரிக்கவில்லை.

திரும்பும்போது சாத்தூர் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "டாக்டரம்மா என்னமோ சொல்ல வந்தாகள்ல?"

"ஒண்ணுமில்ல மாரி."

இறங்கும்போது, "நாளைக்கு ரிசல்ட் வாங்க நான் மட்டும் போயிக்கிறேன். நீங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது. காலையில் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போவோம். நாளைக்கும் கொடுப்பேன். ஷெட் ஷெட்டாகப் போய், மிச்சம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வருவேன்.

அதற்குள் மாரி டாக்டரம்மாவைப் பார்த்திருப்பாள். சாயங்காலம் அந்தப் போனைத் திரும்ப வாங்க வேண்டும்.