அக்கா திருத்திய பெயர்

நினைவு மலர் என்றால் பிறப்பிடம், வதிவிடம் என்று தொடங்கவேண்டும் என்பார்கள். தொடங்குகிறேன். எங்கள் அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். சென்ற வருடம் இதே மாதம் எங்களை விட்டுப் போனார். அவருடைய ஒரே தம்பி நான். நல்லதை மட்டும் எழுது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். ஆனால் அக்கா விட்ட ஒரு பிழையை எழுதாவிட்டால், அது அக்காவைப் பற்றி எழுதியதாகாது.

அப்பா இளவயதிலேயே காலமானதால், அக்கா படிப்பை நிறுத்திவிட்டு காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் இலிகிதராக, எழுத்து வேலைக்குச் சேர்ந்தார். உறுதி என்று நாங்கள் சொல்லும் அந்தப் பத்திரங்களைப் பிரதி எடுப்பதும், பழைய உறுதிகளைத் தேடிக் கொடுப்பதும் வேலை. வெள்ளைக்காரர் காலத்து வளைந்த ஆங்கிலக் கையெழுத்தை அவர் பத்திரிகை வாசிப்பதுபோல் வாசிப்பார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

யுத்தம் எங்களை லண்டனுக்குத் துரத்தியபோது, அக்கா ஓர் ஆவணக் காப்பகத்தில் துப்புரவு வேலைக்குப் போனார். மேசையில் விரித்துக் கிடந்த பழைய தாள் ஒன்றைத் தும்புத்தடியோடு நின்று அவர் வாசிப்பதை மேலாளர் ஒருநாள் கண்டுவிட்டார். சில வருடங்களில் காலனிக் காலக் கோப்புகளைப் பட்டியலிடும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. தும்புத்தடியை வாங்கிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார்கள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்தக் கோப்புகளுக்குள் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் தாங்களே எழுதிய கடிதங்களும் மனுக்களும் இருந்தன. மிஷன் பள்ளியில் எழுத்துப் படித்தவர்கள், அந்த எழுத்தாலேயே நிலத்தையும், பறித்துக்கொண்டுபோன பிள்ளைகளையும் ஆளுநரிடம் திருப்பிக் கேட்டார்கள்.

"எழுதத் தெரியாத சனம் எண்டு புத்தகங்களில கிடக்கு. வந்து பார், இவையின்ர கையெழுத்து உன்ரையை விட வடிவு" என்பார் அக்கா.

ஒருநாள் அந்தப் பழங்குடி மக்களில் ஒரு தாயும் மகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார்கள். தாயின் பூட்டி, அதாவது பாட்டியின் தாய், அதிகாரிகள் கொண்டுபோன தன் பிள்ளையைக் கேட்டு எழுதிய கடிதம் லண்டனுக்கு அனுப்பப்பட்டதாக வீட்டில் சொல்லிவந்தார்களாம். அக்கா பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினார். மறுபடியும் தேடினார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம், வேறொன்றுக்காகத் திறந்த கோப்பில் அந்தக் கடிதம் இருந்தது. அதைப் பட்டியலிட்டவர் அக்காவேதான். ஊரில் ஓர் உறுதியைத் தேடுவதென்றால் அதை எழுதி முடித்த நொத்தாரிசின் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள். காணி யாருடையது என்பது பிறகு. அந்தப் பழக்கத்தில், ஒப்பமிட்டு லண்டனுக்கு அனுப்பிவைத்த, பழங்குடியினர் குடியிருப்பை நடத்திய அதிகாரியின் பெயரில் அக்கா அதைப் பதிந்திருந்தார். எழுதியவளின் பெயர் பட்டியலில் எங்குமே இல்லை.

அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதிரையில் இருந்து அழுதார். அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

"பேசாமல் மாத்தி விடுங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்தானே. அந்த மனுசியை இல்லையெண்டு திருப்பி அனுப்பினது நான். பிள்ளையைக் கேட்டு எழுதினவளின்ர பேரை நானும் சேர்ந்து மறைச்சுப் போட்டன்."

நான் சொன்னதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். அக்கா தன் பிழையை மேலாளருக்கு எழுத்தில் அறிவித்தார். பெயரைத் திருத்தினார். அந்தக் குடும்பத்துக்கும் எழுதினார். அதோடு விடவில்லை. தான் பதிந்த கோப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். இன்னும் பல பெயர்கள் வெளியே வந்தன. அக்காவுக்குப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. "ஏலாட்டில் வீட்டில இருங்கோவன்!" என்று நான் கத்துவேன். அவர் ட்ராமில் ஏறிப் போய்விடுவார்.

அக்காவின் கடிதம் கண்டு, முன்பு தாயோடு வந்த அந்த மகள் திரும்பி வந்தார், தனியாக. தாய் இடையில் காலமாகிவிட்டார். அன்று அக்காவைக் காரில் கொண்டுபோனது நான்தான். அக்கா மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"அண்டைக்கு ஸ்டேஷன் வரைக்கும் அம்மா திரும்பித் திரும்பி இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்" என்று மட்டும் சொன்னார். கையெழுத்துத் தனக்கு விளங்கவில்லை, வாசித்துக் காட்டுவீர்களா என்று பிறகு கேட்டார். நான் வெளியே போய் நின்றேன்.

மூன்று மாதங்களில் அக்கா போய்விட்டார்.

அவரைப் பிள்ளைபோல் பார்த்த தாதியருக்கும், வாய்க்குப் பிடிக்கும் என்று கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்த மிச்சம் அயலவருக்கும், ரெய்னர்ஸ் லேன், ஃபாரஸ்ட் கேட் என்று தூரம் பாராமல் கிரியைகளுக்கு வந்து தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். மரணச் செய்தியை அறிவித்தபோது, அந்த மகள் ஒரு குரல்பதிவை அனுப்பிவைத்தார். அன்று அக்கா வாசித்ததைத் தொலைபேசியில் பதிந்திருக்கிறார். குடும்பம் கூடும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்கிறார்களாம். அதில் அவர்களுடைய பூட்டி, அக்காவின் பருத்தித்துறை ஆங்கிலத்தில், தன் பிள்ளையைத் தா என்று கேட்கிறாள். பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் அக்காவின் குரல் உடைந்து நின்றுபோகிறது. "நிறுத்த வேண்டாம், சிஸ்டர்" என்கிறார் அந்தப் பெண். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்குகிறார்.