காத்து மீட்டரை மறைத்த முருகன்

வயர் கருகும் நாற்றத்தோடு சூடம் எரியும் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குப் பக்தி வருவதில்லை, பற்றிக்கொண்டுதான் வருகிறது. வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி ஓடிய அப்பாவின் பழைய லொறிக்குள் அடித்த வாசம் அது.

தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுக்க மறந்துபோகிற அந்த மனுஷன், பதுளை டவுனில் பழைய சாமான் கடைக்குப் போனால் மட்டும் வெறுங்கையோடு திரும்பமாட்டார். லொறியின் 'டேஷ்போட்'டில் ஓட்டை போட்டு, வட்ட வட்டமான மீட்டர்களையும் வரிசையாகச் சுவிச்சுகளையும் பூட்டிக்கொண்டே இருப்பார். ஒன்றைத் தட்டினால் பச்சை லைட், இன்னொன்றைத் தட்டினால் நீல லைட். பாதி மீட்டர்களுக்கு எஞ்சினோடு எந்தத் தொடுப்பும் கிடையாது, வெளிச்சம் மட்டும் வரும், முள் அசையாது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆம்பளைகள் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஏரோப்பிளேன் கணக்கா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறே வேண்டாம்.

இந்தக் கூத்து போதாதென்று, ஒரு தைப்பூசத்தன்று, சுற்றிலும் சின்ன பல்புகள் மினுக்கும் முருகன் படம் ஒன்றைக் கொண்டுவந்து, நட்டுப் போட்டு இறுக்கி, சூடம் காட்டினார். வேறு இடமே மிச்சமில்லை. அதனால், பிரேக்குக்குக் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் 'காத்து மீட்டர்' மேலேயே படம் உட்கார்ந்தது. உருப்படியாக வேலை செய்த மீட்டர் அது ஒன்றுதான். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, காத்து மீட்டர மறைக்குதுங்க. கொஞ்சம் தள்ளி வைங்களேன்."

"சூடம் காட்டி வச்ச சாமிய எடுக்கச் சொல்றியா? வாயக் கழுவு! முருகன் பாத்துக்குவாரு."

சூடம் காட்டிய படத்தை எங்கள் லயத்தில் யாரும் அசைக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். அம்மாவும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

பெரகலையில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு நாங்கள் மூவரும் போன ஞாயிற்றுக்கிழமை, ஹப்புத்தளையிலிருந்து இறங்கும்போது எங்கேயோ குழாய் கசிந்து, காற்று குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முள் விழுந்ததை முருகனின் முதுகுதான் பார்த்தது. வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தார், பிடிக்கவில்லை. பள்ளத்தில் விழாமலிருக்க லொறியை இடதுபக்க மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அம்மா. நசுங்கிய கதவுக்குள் அவளுடைய கால் மாட்டிக்கொண்டது. அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். அதோடு அவள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனது முடிந்தது. அப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "முருகன்தாங்க காப்பாத்துனாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

லொறி இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அந்தச் சுவிச்சுகள், பச்சை நீல வெளிச்சங்கள், எட்டிப் பார்த்த கூட்டம் எதுவும் இப்போது இல்லை. லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கும் வந்தாயிற்று. மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான். போன மாதம் வீட்டுக்குப் போனபோது, வாசல் சுவரில் கரண்ட் மீட்டரை மறைத்துக்கொண்டு அது தொங்கியது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் ஏறினேன்.

"ஏய், வச்ச சாமிய எடுக்காத!" என்று அப்பா கத்தினார்.

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அம்மா வாசலுக்கு வந்தாள்.

"நீ எடு புள்ள. அன்னைக்கே நான் எடுத்திருந்தா, இன்னைக்கு ரெண்டு காலோட நின்னிருப்பேன்."